மணிக்கட்டில் பூசிய வாசம்

மாதா கோயில் உபதேசியாரே, திருடாத ஆரோக்கியம் என்ற பெண்ணைத் திருடி ஆக்கியவர் நீர்தான்.

போன ஞாயிறு பகல், நாகலூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அவள் இருந்தாள். உம் கோயிலைப் பெருக்கித் துடைப்பவள். பக்கத்தில் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பெரிய அம்மாள்.

"ஏனம்மிணி, ஆரு ஊட்டுலயாச்சும் சாவா? உம்மேல சாம்பிராணி வாசம் அடிக்குது."

"இல்லீங்கக்கா, இது சென்ட்டுங்க. மஸ்கட்டுல இருந்து தம்பி கொண்டாந்தான். அம்பருன்னு பேரு. பூசுனதும் புகையாட்டம் மூக்குல ஏறும். செத்த நேரம் போனா ஒடம்புச் சூட்டுக்குத் தேனாட்டம் இனிச்சு வருமுங்க."

"நொம்ப நல்லாத்தான் இருக்குது. கண்ணு ஏன் செவந்து கெடக்குது?"

"கோயில் சாம்பிராணி டப்பா காலியாப் போச்சுங்க. எம்மேல இந்த வாசம் அடிக்கவும் நாந்தான் எடுத்தேன்னு பூசை முடிஞ்சதும் உபதேசியார் எல்லாரு முன்னாலயும் சொல்லீட்டாருங்க. இனி வேலைக்கு வராதேன்னுட்டார்."

"சென்ட்டுன்னு நீ சொல்லலியா?"

"சொன்னனுங்க. சாம்பிராணின்னா தலையிலயும் சேலையிலயும் புகை நிக்கும், இது மணிக்கட்டுல மட்டுந்தான் இருக்குது, மோந்து பாருங்கன்னு கைய நீட்டுனேன். பொம்பளை கைய மோக்கற ஆளா நானுன்னு திரும்பிக்கிட்டார்."

"திருடின்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சாக்கும்!"

அதற்குப் பிறகு ஆரோக்கியம் இறங்கும்வரை முந்தானையால் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

எந்த ஆதாரத்தில் அவளைத் திருடி என்றீர்? வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும், அதே இடத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லும்.