குழிக்குள்ள இருந்த சோளம்

ஹலோ... ஹலோ, நோரீன்? நான்தான்டி, மார்லிஸ் அக்கா... இல்ல, இன்னும் கெளம்பல... தெரியும், தெரியும், நாலு மணிக்குக் கேக் வெட்டுறீங்க. ரெண்டு மணி நேர ரோடுதான, வந்துருவேன்... பனியெல்லாம் ஒண்ணும் இல்ல. புஸ்தகம்தான் பிரச்சினை.

...எந்தப் புஸ்தகமா? நம்ம புஸ்தகம்டி! மாட்டு வண்டி கட்டிக்கிட்டுப் புல்வெளியில குடியேறப் போவாங்களே, அந்தக் குடும்பம்... ஆமா, ஆமா, உன் மக டெஸ்ஸாவுக்குக் குடுக்கத்தான். எட்டு வயசானா நம்ம வீட்டுப் பொண்ணு கைக்கு அது போயாகணும், முதல் பக்கத்துல பேர் எழுதணும். எனக்கே சொல்லித் தர்றியா? பரிசாக் காகிதம் சுத்திக் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிப்போமேன்னு உக்காந்தேன். காலையில இருந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே கெடக்கேன்.

...சொல்றேன், இரு. அந்தச் சோள அத்தியாயம் ஞாபகம் இருக்கா? அப்பா ஏர் ஓட்டறப்போ ஒரு குழி தட்டுப்படும், உள்ள நெறைய மக்காச்சோளம்... அதேதான்! "கர்த்தர் குடுத்தது"ன்னு மண்டி போடுவாங்க... சிரிக்காதடி. கொல்லையில நாம அதத்தான வெளயாடுவோம்? நான் அப்பா, நீ... சரி சரி, எப்பவும் நீதான் தோண்டுன, ஒத்துக்கறேன்.

நோரீன், அது யாரோ வெட்டுன குழிடி. குளிர்காலத்துக்குன்னு பதுக்கி வச்ச சோளம். மிசூரி ஆத்தங்கரையில உன் புருஷன் வெர்னனோட சனங்க, அந்த அரிக்கரா பழங்குடி சனங்க, அப்படித்தான வைப்பாங்க? உன் புள்ள அப்பன் மடியில உக்காந்து இதப் படிச்சா...

...அதான் வெட்டி எடுத்துட்டேன். பிளேடால. ஆறு பக்கம்... கத்தாத... கத்தாதங்கறேன்ல!

...என்னது? ஓரத்துல நீ எழுதியிருந்தியா? எப்போ? வெட்டுற வேகத்துல ஓரத்த எங்க பாத்தேன்? ... இரு, குப்பைக்கூடையிலதான் கெடக்கு... இரு... சே, காபித்தூளா ஒட்டிக்கிட்டு... ஆங், இருக்கு. பென்சில்ல. "இது யாரு சோளம்?"

...

கீழயே மையில என் எழுத்து. "யாருதும் இல்ல. வாய மூடிட்டுத் தோண்டு."

...இல்ல, அழல... ஆமா, அழறேன். போ. எட்டு வயசுல நீ கேட்டுட்ட. அதக் கேக்க எனக்கு அம்பத்திரெண்டு வயசு ஆக வேண்டியிருந்துச்சு.

...திரும்ப ஒட்டவா? என் எழுத்தோடயா? வெர்னன் என்ன நெனப்பாரு... என்னது, தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டியா? அடிப்பாவி! அதான் என்னப் பாத்தா "தோண்டலாமா, மார்லிஸ்?"ங்கறாரா? பன்னெண்டு வருஷமா நான் தோட்ட வேலையச் சொல்றாருன்னுல்ல நெனச்சுச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்!

...சரி, சரி, பசை இருக்கு. ஒட்டிக் கொண்டாரேன். ஆனா டெஸ்ஸா அந்தக் கேள்வியப் படிச்சுட்டு நிமிந்து பாப்பாளே, யாரு பதில் சொல்றது? ... வெர்னன்? ... நீ? ... அப்ப யாருடி?

...நானா?

எல்லாரு முன்னாடியுமா? நோரீன்... ஹலோ? ஏய், வச்சிட்டியா?