ஆறு நாளும் ஊர் சுற்றியது

எர்மெக்: ...அதனால முதல்ல டிராம் பிடிச்சு ஆத்தங்கரை. அங்கேருந்து பழைய கோட்டை. ஒரு மணிக்குள்ள முடிச்சுட்டா தாவரத் தோட்டத்துக்கும் நேரம் இருக்கு.

உலான்: கோட்டையை வந்த அன்னிக்கே பாத்தோம்டா.

எர்மெக்: வெளியேருந்து பாத்தோம். உள்ளே போகலையே.

உலான்: எனக்கு ஆறு மணிக்கு விமானம்.

எர்மெக்: சாயங்காலம் ஆறுதானே! இப்ப ஒன்பதுகூட ஆகல. வார்சா வரைக்கும் வந்துட்டுக் கோட்டைக்குள்ள போகலேன்னா, நம்ம ஊர் நரீன்ல போய் என்னத்தைச் சொல்லுவே?

உலான்: நரீன்ல எவனும் கோட்டையைப் பத்திக் கேக்க மாட்டான். எர்மெக், கொஞ்சம் உக்காரு. ஒரு விஷயம்...

எர்மெக்: ஐஜமால்! இவன் தட்டு காலியா இருக்கு பாரு. கிர்கிஸ்காரன் வீட்டுக்கு வந்துட்டுப் பசியோட போனான்னு பேராயிடும்.

ஐஜமால்: மூணு தடவை வெச்சாச்சுங்க. நீங்கதான் இன்னும் ஒரு வாய் வைக்கல.

எர்மெக்: நான் பேக்கரிக்காரன். மாவு வாசனைலயே வயிறு ரொம்பிடும்.

ஐஜமால்: நீங்க பேக்கரிக்குப் போயே ஆறு நாள் ஆச்சு.

உலான்: அதான் நானும் கேக்கறேன். கூட வளர்ந்த சிநேகிதன் என் கல்யாணத்துக்கு லீவு கேக்கத் துப்பில்ல. இப்ப என்னடான்னா ஒரு வாரம் முழுசா லீவு.

எர்மெக்: கல்யாணம்னா நீ இன்னொண்ணு பண்ணிப்பே. வார்சாவுக்கு மறுபடி வருவியா?

உலான்: நாலு அருங்காட்சியகம், எட்டு தேவாலயம். ரெண்டு குதிகால்லயும் கொப்புளம். ஒரு இடத்துல வெறும் பழைய சாவியா வெச்சிருந்தானுங்க. அதுக்குப் போய் டிக்கெட்டு.

எர்மெக்: அது சாவியில்ல, பூட்டு. எதையும் ஒழுங்காப் பாக்கறதே இல்ல நீ.

ஐஜமால்: அண்ணன் ஏதோ சொல்ல வந்தாரு. சொல்ல விடுங்களேன்.

எர்மெக்: சொல்லட்டுமே. யாரு பிடிச்சிருக்கா? டிராம்ல போறப்ப சொல்லட்டும்.

உலான்: டிராம்ல சொல்ற விஷயம் இல்லடா.

எர்மெக்: அப்ப ஆத்தங்கரைல சொல்லு. இல்ல, கோட்டைல.

ஐஜமால்: இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அத்தைக்குப் போன் பண்ணலையா?

எர்மெக்: அங்க இப்ப மத்தியானச் சாப்பாட்டு நேரம். அப்புறம் பண்ணிக்கலாம். இவன் டீல பாலே இல்லையே?

ஐஜமால்: இருக்கே.

எர்மெக்: இதா பாலு? தண்ணி மாதிரி இருக்கு. இரு, நான் கீழே போய் வாங்கிட்டு வந்துடறேன்.

ஐஜமால்: அரை புட்டி இருக்குங்க வீட்ல!

எர்மெக்: இவன் குடிக்கற குடிக்கு அது எந்த மூலைக்கு? அஞ்சே நிமிஷம். டேய், நீ அதுக்குள்ள ஷூவை மாட்டிட்டுத் தயாரா நில்லு.

*

ஐஜமால்: போயிட்டாரா?

உலான்: படி இறங்கற சத்தம் கேக்குது.

ஐஜமால்: இன்னிக்கும் சொல்லலேன்னா எப்ப அண்ணே சொல்லப் போறீங்க? விமான நிலையத்து வாசல்ல நின்னுக்கிட்டா?

உலான்: அவன் எங்கே விடறான்ம்மா? நேத்து ரயில்ல மனசைத் திடப்படுத்திக்கிட்டு, 'எர்மெக், உங்க அப்பா...'ன்னு ஆரம்பிச்சேன். 'அவரு நல்லா இருப்பாரு, அங்க பாரு பாலம்'னு கையைக் காட்டறான். நானும் மடையன் மாதிரி பாலத்தைப் பாத்தேன்.

ஐஜமால்: நீங்களும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்.

உலான்: பத்து வருஷமா கார் உதிரி பாகம் விக்கறேன். பழசைப் புதுசும்பேன், நாக்கு கூசாது. இந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு எழ மாட்டேங்குதும்மா.

ஐஜமால்: உதிரி பாகம் வாங்க வந்தேன்னு சொல்லிட்டு ஒரு கடை வாசல்கூட நீங்க மிதிக்கல. அவரு ஏன்னு கேக்கலையா?

உலான்: கேக்கவே இல்ல. அதான் எனக்கும் புரியல.

ஐஜமால்: மாமா போய் இன்னியோட எத்தனை நாள்?

உலான்: முப்பத்தி ஒண்ணு. இன்னும் ஒன்பது நாள்ல நாப்பதாம் நாள் காரியம். அதுக்குள்ள மகன் காதுல விழணும்னுதான் உன் மாமியார் என்னை அனுப்பினாங்க. முதல்ல அவனுக்கு அங்க தங்கறதுக்கான கார்டு வந்துடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. கார்டுதான் வரலையே.

ஐஜமால்: போன்லயே சொல்லியிருக்கலாம்னு சில நேரம் தோணுது.

உலான்: போன்ல சொல்ற சேதியா அது? பெத்தவர் போனதை ஆள் நேர்ல வந்து, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும். விசா கையில வெச்சிருந்தவன் நான் ஒருத்தன்தான். கிளம்பறப்ப உன் மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமா? 'சொல்லு. சொல்லிட்டு, அவன் கிளம்பாம பிடிச்சுக்கோ. கார்டு வந்தப்புறம் வந்து அழட்டும். கல்லறை எங்கேயும் போயிடாது'ன்னாங்க.

ஐஜமால்: விண்ணப்பம் போட்டுப் பதினாலு மாசம் ஆச்சு அண்ணே. இப்ப நாட்டை விட்டு வெளியே போனார்னா திரும்ப உள்ளே விட மாட்டாங்க. எனக்கு ஏழாவது மாசம். நீங்க வந்த மறுநாள் என்கிட்ட சொன்னீங்களே, அன்னிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு மனசு, 'சொல்லாமயே ஏறிப் போயிடுங்க'ன்னு உங்க கால்ல விழச் சொல்லுது.

உலான்: நீ வேண்டாம்னா நான்...

ஐஜமால்: இல்ல. சொல்லணும். பின்னாடி ஒருநாள் தெரிஞ்சு, 'நீயும் தெரிஞ்சுக்கிட்டேதான் என் பக்கத்துல படுத்திருந்தியா'ன்னு கேட்டார்னா, நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்லுவேன்?

உலான்: கிளம்பிடுவான்னு பயமா இல்லையா?

ஐஜமால்: பயம்தான். இருந்தாலும் சொல்லிடுங்க.

உலான்: ஷ்... வந்துட்டான்.

ஐஜமால்: கண்ணைத் துடைங்க அண்ணே.

உலான்: நீ முதல்ல துடை.

எர்மெக்: என்ன, ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கறீங்க?

ஐஜமால்: வெங்காயம் நறுக்கினேன்.

எர்மெக்: காலை டீக்கு வெங்காயமா? ...சரி, சரி. கிளம்புடா. பெட்டியையும் எடுத்துக்க, அப்படியே விமான நிலையம் போயிடலாம்.

உலான்: பால் எங்கே?

எர்மெக்: என்ன பால்?

உலான்: வாங்கத்தானே போனே?

எர்மெக்: ...ஞாயித்துக்கிழமை. கடை மூடியிருக்கு.

உலான்: இந்த ஊர்ல நாலு வருஷமா இருக்கே. ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும்னு உனக்குத் தெரியாது?

எர்மெக்: மறந்துட்டேன்டா! மறக்கக் கூடாதா மனுஷன்?

ஐஜமால்: கத்தாதீங்க. விருந்தாளி கிளம்பற நேரம்... போய்ட்டு வாங்க அண்ணே. அத்தை உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க.

உலான்: சொல்றேம்மா. சொல்ல வேண்டிய எல்லாத்தையும் சொல்லிடறேன்.

*

எர்மெக்: ...நம்ம நரீன் ஆறு மாதிரி இல்ல பாரு. அது பாறையைப் பாறையா உருட்டிக்கிட்டு ஓடும். இது சோம்பேறி ஆறு. சத்தமே கிடையாது. அதோ அந்தக் கரைல தெரியுது பாரு, அது...

உலான்: எர்மெக்.

எர்மெக்: ...விளையாட்டு அரங்கம். அறுபதாயிரம் பேர் உக்காரலாம்.

உலான்: எர்மெக், நில்லு.

எர்மெக்: நாலு நிமிஷத்துல அடுத்த டிராம் வருது.

உலான்: போகட்டும். கையைக் கொடு.

எர்மெக்: எதுக்கு?

உலான்: கொடுடா.

எர்மெக்: ரெண்டு தடியனுங்க கையைக் கோத்துக்கிட்டு நின்னா இந்த ஊர்ல சிரிப்பாங்க.

உலான்: சிரிச்சுட்டுப் போகட்டும்.

எர்மெக்: உலான்... வேண்டாம்டா.

உலான்: என்ன வேண்டாம்?

எர்மெக்: பேசாம விமானம் ஏறிப் போயிடு. அம்மா கேட்டாங்கன்னா, 'எங்க உக்கார விட்டான், ஊர் சுத்திக்கிட்டே இருந்தான், சொல்ல நேரமே கிடைக்கல'ன்னு சொல்லு. பொய்யில்லையே அது.

உலான்: ...உனக்குத் தெரியுமா?

எர்மெக்: ஞாயிறு தவறாம போன் பண்ணுவேன். அம்மா ரெண்டு வார்த்தை பேசிட்டு அப்பாகிட்ட கொடுப்பாங்க. நாலு வருஷமா அப்படித்தான். ஒரு ஞாயிறு, 'குதிரை பாக்கப் போயிருக்கார்'னாங்க. அடுத்த ஞாயிறு, 'தூங்கறார்'. மூணாவது ஞாயிறு அம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள நானே, 'அப்பா வெளியே போயிருக்காரா, சரிம்மா'ன்னு சொல்லிட்டேன். அம்மா உடனே போனை வெச்சுட்டாங்க.

உலான்: அடப்பாவி.

எர்மெக்: அப்புறம் நீ வந்தே. வாசல்ல கட்டிப்பிடிச்சவன் விடவே மாட்டேங்கறே. உதிரி பாகம் வாங்க வர்றவன் அப்படியாடா கட்டிப்பிடிப்பான்?

உலான்: தெரிஞ்சுக்கிட்டா இந்த ஆறு நாளும்? கோட்டை, தேவாலயம், சாவி...

எர்மெக்: பூட்டு.

உலான்: எர்மெக்!

எர்மெக்: என்ன பண்ணச் சொல்றே? நீ சொல்லாத வரைக்கும் நான் கேள்விப்படாதவன்டா. கேள்விப்படாத மகன் வரலேன்னா ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. 'பாவம், தெரியாது'ம்பாங்க. கேட்டதுக்கப்புறமும் வராதவனை? அதுவும் ஒத்தை மகன். ஒரு கார்டுக்காக... நீ வாயைத் திறந்தா ஒண்ணு நான் போகணும், இல்ல போகாம இருக்கணும். ரெண்டுக்கும் என்கிட்ட தெம்பு இல்ல.

உலான்: ஐஜமாலுக்கும் தெரியும்டா.

எர்மெக்: தெரியும்னு தெரியும். நாலு நாளா வெங்காயம் நறுக்கிக்கிட்டே இருக்கா. எங்க வீட்ல அவ்வளவு வெங்காயம் கிடையாது.

உலான்: உங்க அம்மா, நீ வர வேண்டாம்னுதான் சொல்லி அனுப்பினாங்க. திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

எர்மெக்: அம்மா வேற என்ன சொல்லுவாங்க?

உலான்: ஊர்க்காரங்க என்ன வேணா சொல்லட்டும். உன் பொண்டாட்டியை இந்த நிலைமைல விட்டுட்டு நீ போனா, உங்க அப்பாவே ஏத்துக்க மாட்டார்.

எர்மெக்: ...சரி.

உலான்: என்ன சரி?

எர்மெக்: கையைத்தான் பிடிச்சிட்டியே. சொல்லு. வந்த வேலையை முடி.

உலான்: எர்மெக்... உங்க அப்பா தவறிட்டார்டா. போன மாசம், வெள்ளிக்கிழமை விடியக்காலைல. தூக்கத்துலயே போயிட்டார். ஒரு வலி இல்ல, முனகல் இல்ல.

எர்மெக்: ம்.

உலான்: அழுதுடுடா. யாரும் பாக்கல.

எர்மெக்: வரலடா. வர்றதெல்லாம் ஒரு மாசமா உள்ளயே போய்ப் போய்... இரு, ஒண்ணு கேக்கணும். முற்றத்துல கூடாரம் போட்டீங்களா?

உலான்: போட்டோம். அதுலதான் அவரை ரெண்டு நாள் வெச்சிருந்தோம். மூணாம் நாள் அடக்கம்.

எர்மெக்: கூடாரத்துக்கு வெளியே தடி ஊனிக்கிட்டு மகன் நிக்கணுமே... வர்றவங்களைக் கட்டிக்கிட்டு அழணுமே. அங்க யாரு நின்னா? சித்தப்பா பையனா?

உலான்: அவன் இல்ல.

எர்மெக்: சொல்லேன்டா. என் இடத்துல ஆளே இல்லையா?

உலான்: இதைச் சொல்லத்தான்டா ஆறு நாளா நாக்கு எழல. நான்தான் நின்னேன். உன்னைக் கேக்கல, யாரையும் கேக்கல, தடியை எடுத்துக்கிட்டுப் போய் நின்னுட்டேன். தூரத்து ஊர்க் கிழவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல... 'வந்துட்டியா எர்மெக், வந்துட்டியாப்பா'ன்னு என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. நான் இல்லேன்னு சொல்லலடா... 'வந்துட்டேன்'னு சொன்னேன்.