தோல் சொல்லுது

வாளை மீனில் தலைதான் ருசி என்பார்கள். எனக்கு அது நாற்பத்து நாலு வயது வரை தெரியாது ஐயா. எங்கள் நாகமரைப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரிசலில் இரண்டு பேர் போவோம். ஒருவன் தூண்டில் கயிறு பிடிப்பான், இன்னொருவன் துடுப்புப் போடுவான். பெரிய மீன் விழுந்து அதை வீட்டுக்கென்று வைத்துக்கொண்டால், தலைப்பக்கம் கயிறு பிடித்தவனுக்கு, வால்பக்கம் துடுப்புக்காரனுக்கு. மாதையன் கயிறு பிடித்தான். நான் பதினைந்து வருஷம் துடுப்புப் போட்டேன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வழக்கம் என்றால் வழக்கம்தான். ஆனால் எழுதிக்கொள்கிறீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணைத் தண்ணீர் எங்கள் ஊருக்குக் கீழே மலை இடுக்கில் புகுந்து மடுவாக நிற்கிறது. மூன்று பக்கமும் குன்று, அடியில் முழுகிப்போன புளியமரங்கள். அங்கேதான் பெரிய வாளைகள் கிடக்கும். அது கவ்வி இழுத்தால் பரிசல் பம்பரமாகச் சுற்றும். சுற்றவிடாமல் பிடித்து நிறுத்துகிறவன் துடுப்புக்காரன். கரைக்கு வந்ததும் ஜனங்கள் மீனைப் பார்ப்பார்கள், பிறகு மாதையனைப் பார்ப்பார்கள். என்னை வாலுக்காரன் என்பார்கள். என் பெண் தீர்த்தம்மாளையும் பள்ளிக்கூடத்தில் 'வாலுக்காரன் வூட்டுப் புள்ள' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாதையன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் நல்லவன். நல்லவனோடு காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவனைத் திட்டினால் நமக்குத்தான் கெட்ட பேர்.

போன தை மாதம் தீர்த்தம்மாளுக்குக் கடத்தூர்ப் பையன் முனிராஜைப் பேசி முடித்தோம். கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு கிணறு, அதிர்ந்து பேசாத பையன். வெற்றிலை பாக்கு மாற்றிய மறுவாரம் சம்பந்தி வீட்டார் கை நனைக்க வந்தார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. அன்று காலை மாதையன் தன் பங்குத் தலையைத் தானே தூக்கிவந்து என் வாசலில் வைத்தான்.

"சம்பந்தி வர்ற அன்னைக்கு வாலையா ஆக்கிப் போடுவ, கிருஷ்ணப்பா? இந்தா, தலைய வெச்சுக் கொழம்பு வைக்கச் சொல்லு," என்றான். தெருவே கேட்டது.

என் மனைவி முனியம்மாள் வாயெல்லாம் பல்லாக அதை வாங்கிப்போய்க் குழம்பு வைத்தாள். சம்பந்தி உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். "தலைய விட்டுக் குடுக்கறதுன்னா லேசுங்களா? அந்த மகராசன் நல்லா இருக்கோணும்," என்றார். என் வீட்டில், என் பெண்ணுக்காக வந்தவர், மாதையனை வாழ்த்திவிட்டுப் போனார். நானும் ஒரு துண்டு வாயில் வைத்தேன். சொன்னது சரிதான், ருசியாகத்தான் இருந்தது. கை கழுவும்போது முடிவு செய்துவிட்டேன்.

இப்போது தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பரிசல் மூங்கில் கூடை, அதன்மேல் எருமைத் தோல் போர்த்தித் தைத்தது. பென்னாகரம் நூர் பாஷா கொடுத்த தோல். அதில் ஒரு பழுதும் கிடையாது. பாவம், அவரைப் போய் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள். கரையேறியதும் பரிசலைக் கவிழ்த்துக் காயப்போட வேண்டும், புங்க எண்ணெய் தடவ வேண்டும். அது துடுப்புக்காரன் வேலை. காய்ந்த தோலை விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்று பேசும். ஊறிப்போன தோல் ஊமை. அதனால் தண்ணீரில் இறக்கும் முன் கயிறு பிடிக்கிறவன், "தோல் சொல்லுதா?" என்று கேட்பான். துடுப்புக்காரன், "சொல்லுது," என்பான். அதற்குமேல் கேட்டவன் தட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் துடுப்புக்காரன் வாயை நம்பவில்லை என்று அர்த்தம். அப்படிப் பார்த்ததால் பிரிந்துபோன ஜோடிகள் எங்கள் ஊரில் உண்டு.

பங்குனியில் மாதையன் ஒரு சாவுக்குப் பொம்மிடி போய் நாலு நாள் தங்கிவிட்டான். அந்த நாலு நாளும் பரிசலை மல்லாத்தி, உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்தேன். வெயில் படாமல் இருக்க ஈரச் சாக்கு போட்டு மூடினேன். கத்தி வைக்கவில்லை, ஆணி வைக்கவில்லை. தையல் ஓட்டைகள் தாமாகவே விரல் நுழைகிற அளவுக்கு இளகிவிட்டன. அவன் வந்த மறுநாள் விடியலில் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து எண்ணெய் பூசினேன். பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மாதையனுக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் அவன் வலது தோள் இறங்கிப்போய், கட்டுப் போட்டும் சரியாகவில்லை. அந்தக் கை காதுக்கு மேல் எழும்பாது. கயிறு பிடிக்கப் போதும், மடுவைத் தாண்டிக் கரை சேரப் போதாது. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அன்று காலை மாதையன் வாசலில் வந்து நின்றான். அதே நேரத்துக்குக் கடத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த முனிராஜும் உள்ளே நுழைந்தான். ஊர்ப் பண்டிகைக்கு எங்களை அழைக்க வந்திருந்தான்.

"காய்ச்சலாமே, கிருஷ்ணப்பா. நீ படு. நான் ஒண்டியாப் போயி, ஊருக்குப் போறதுக்கு முன்ன நடுமடுவுல போட்ட வலைய மட்டும் எடுத்துக்கிட்டு வந்தர்றேன். தோல் சொல்லுதா?"

"சொல்லுதுண்ணா," என்றேன்.

முனிராஜ் அழைப்புத் தட்டைக் கீழே வைத்தான். "மாமாவுக்குப் பதிலா நான் துடுப்புப் போடறனுங்க. நானும் பழகிக்கோணுமில்லீங்களா?" என்றான். தீர்த்தம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான். அந்த வயசில் எல்லோரும் அப்படித்தான்.

மாதையன் சிரித்தான். "வாங்க மாப்ளே," என்று அவன் தோளில் கை போட்டவன், படியிறங்கும் முன் திரும்பி என்னைப் பார்த்தான். "அடுத்த வூட்டுப் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன். அதனால இன்னொருக்காக் கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. தோல் சொல்லுதா?"

நான் ரொம்ப யோசித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. இப்போது மாற்றிச் சொன்னால், முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பான். பதினைந்து வருஷத்தில் என் சொல் ஒருநாளும் பிசகியதில்லை. பையன் கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவன்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சொல்லுதுண்ணா," என்றேன்.

மடுவின் நடுவுக்குப் போக அரைமணி நேரம் ஆகும். என் வீட்டிலிருந்து கரைக்கு ஓடினால் ஐந்து நிமிஷம். தண்ணீர்மேல் குரல் வெகுதூரம் கேட்கும். இதெல்லாம் நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தீர்த்தம்மாள் வாசலில் நின்று பரிசல் குன்றைச் சுற்றித் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். முனியம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். நான் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நடுமடுவில் தையல் ஒரேயடியாகப் பிரிந்ததாம். முனிராஜ் துடுப்பை மாதையன் கக்கத்தில் செருகி, மிதக்கச் சொல்லிவிட்டு, ஆள் கூட்டிவரக் கரைப்பக்கம் நீந்தியிருக்கிறான். போட்டிருந்த வலை காலில் சிக்கிக்கொண்டது. கிணற்றில் வலை கிடையாது, அதை நான் யோசிக்கவில்லை. மாதையனைத் துடுப்பும் கையுமாக எதிர்க்கரைக்காரர்கள் உயிரோடு தூக்கினார்கள். பையன் இரண்டாம் நாள் புளியமரத்தடியில் கிடைத்தான். தீர்த்தம்மாள் என்னோடு நல்லபடியாகத்தான் இருக்கிறாள். "காச்ச வுட்டுருச்சாப்பா?" என்று இன்னும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். அப்போது மட்டும் என்னால் தாங்க முடிவதில்லை.

மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. மாதையன் மொட்டை அடித்துக்கொண்டு கடத்தூர் போனான். பையனுடைய அப்பன் காலில் விழுந்து, "நான் தோலத் தட்டிப் பாக்கல. உங்க புள்ளயக் கொன்னவன் நான்தான்," என்று அழுதான். உங்களிடமும் அதையேதான் எழுதிக் கொடுத்திருக்கிறான். நான் இரண்டு தடவை சொல்லுது என்றதை எங்கேயும் அவன் வாய் திறந்து சொல்லவில்லை. காய்ச்சல்காரன், பாவம் என்று விட்டுவிட்டான். பையனைப் பெற்றவர் அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேசுகிறது. நேற்றுச் சாயங்காலம் என் பெண் அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள், "செய்யாத தப்பக்கூட அவரு தலையில போட்டுக்கறாருப்பா." அன்றைக்கே கிளம்பியிருப்பேன், பஸ் போய்விட்டது.

மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுதப்போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் அவன் கொடுத்த காகிதத்தை முதலில் கிழித்துப் போடுங்கள். முனிராஜைக் கொன்றது கிருஷ்ணப்பன். மாதையனுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.