காலையில் அரை, சாயந்திரம் அரை

டாக்டர்: ...நாயோட ஈறைப் பாருங்க. காகிதமா வெளுத்திருக்கு.

அக்கா: உண்ணிக் காய்ச்சல்தான் போயிடுச்சே டாக்டர்? போன வாரம்கூடப் பந்துக்கு ஓடினான்.

தம்பி: என் செருப்பையும் கடிச்சான்.

அக்கா: துரைக்கு உன் செருப்புன்னா உசுரு.

டாக்டர்: உண்ணி ஏத்தின கிருமி செத்துப்போச்சு. ரத்தத்துல ஒண்ணுகூட இல்ல.

தம்பி: அப்ப யாரு இவனைத் தின்றது?

டாக்டர்: அவன் உடம்பேதான். கிருமி ரத்த அணுவுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சில்ல... அதை அடிச்சுப் பழகின உடம்பு, இப்ப நல்ல அணுவையும் அடிக்குது.

அக்கா: வேலியே பயிரை மேயுதா...

டாக்டர்: அதை அடக்கத்தான் நான் கொடுத்த அந்த மாத்திரை. நடுவுல நிறுத்தக் கூடாதுன்னேனே... ஒழுங்காக் கொடுத்தீங்களா?

அக்கா: ம்... காலையில அரை, நான்.

தம்பி: சாயந்திரம் அரை... நான்.

டாக்டர்: கொடுத்துமா இப்படி? சரி, உள்ள தூக்கிட்டுப் போறேன். இங்கயே உக்காருங்க.

அக்கா: ...டேய்.

தம்பி: ம்.

அக்கா: காலை மாத்திரையைப் பத்து நாளா நான் கொடுக்கல.

தம்பி: ...என்னக்கா சொல்றே?

அக்கா: அதைத் தின்னா குடம் குடமாத் தண்ணி குடிச்சான். அப்பா கட்டிலடியில மூத்திரம் போனான். இன்னொரு தடவை நனைச்சா எங்கயாவது விட்டுட்டு வந்துடுவேன்னாரு அப்பா. செய்யக்கூடிய ஆளுடா அவரு. நீ சாயந்திரம் கொடுக்கறியே, அது தாங்கும்னு நினைச்சேன். திட்டுடா... வாயைத் திறந்து திட்டேன்.

தம்பி: ...போய் டாக்டர்கிட்ட சொல்லு.

அக்கா: ஏண்டா அந்தப் பக்கம் திரும்பிக்கறே?

தம்பி: போக்கா...

அக்கா: இரு, அவரே வர்றாரு. டாக்டர்... ஒரு விஷயம்...

டாக்டர்: உக்காருங்கம்மா. மூச்சு நின்னுடுச்சு.

அக்கா: ...ஐயோ.

டாக்டர்: மனசைத் தேத்திக்கோங்க. ரெண்டு வேளையும் தவறாமக் கொடுத்திருக்கீங்க. உங்க மேல குத்தமே இல்ல.

அக்கா: இல்ல டாக்டர்... காலை மாத்திரை நான்... ஒரு வேளைதான் அவனுக்குப் போச்சு...

தம்பி: அந்த ஒரு வேளையும் போகலக்கா. அதைத் தின்னா மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கினான், பார்க்க முடியல. நீதான் காலையில கொடுக்கறியேன்னு... பத்து நாளா பூந்தொட்டி மண்ணுல புதைச்சுட்டு வந்தேன்.