பதினோரு நாள் திறக்காத கடிதம்

காலை ஒன்பதரைக்குள் யாராவது ஒருவர் வந்து, "சார், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது" என்று கதவைத் தட்டாவிட்டால் எனக்குப் பொழுது விடிந்ததாகவே தோன்றாது. சங்கச் செயலாளர் அம்மா, நீங்களே இரண்டு முறை தட்டியிருக்கிறீர்கள். நம் கட்டடத்தில் முப்பத்திரண்டு வீடு. என் கை படாத கணினி ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் பெட்டியைப் பிரிக்காத கணினியாகத்தான் இருக்கும்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

முப்பத்தாறு வருடம் ஓர் அலுவலகத்தின் ஆவண அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். கோப்பு கேட்டு ஆள் வந்தால், அது கிடைக்காததற்கு ஒரு மரியாதையான காரணம் சொல்வதுதான் அங்கே உத்தியோகம். அதனால் கணினியில் கோப்பு திறக்கவில்லை என்றால் மற்றவர்களுக்குக் கைகால் உதறும். எனக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

என் எதிர் வீட்டுக் கணக்கு வாத்தியாரைத் தெரியும் உங்களுக்கு. மனைவி போய் எட்டு வருடம். ஒரே மகன், மருமகளோடு கடல் தாண்டி. தினமும் மூன்றரைக்கு அவர் வீட்டில் நாங்கள் சதுரங்கம் ஆடுவோம். போன மாதத் தொடக்கத்தில் வெற்றி நிலவரம்: அவர் நானூற்றுப் பதினொன்று, நான் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன மாதம் ஒன்பதாம் தேதி மனிதர் முகம் வெளுத்து நின்றார்.

"பையன் ரெண்டு ஃபைல் அனுப்பியிருக்கான்யா. போன்ல பாத்தா 'சற்றுப் பொறுங்கள்'னு மட்டும் வருது. காலையிலேர்ந்து பொறுத்துட்டே இருக்கேன்."

சிரித்தேன். சில அரசாங்கப் படிவங்கள் அப்படித்தான். கணினியில், அதற்கென்று உள்ள ரீடர் என்ற நிரலில் மட்டுமே வாய் திறக்கும். வேறு எதில் திறந்தாலும் கல்யாண வீட்டு வாசற்காரன் மாதிரி 'பொறுங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அவர் தேநீர் போடப் போனார். தண்ணீர் கொதிப்பதற்குள் ரீடரைப் புதுப்பித்தேன். இரண்டு கோப்பும் திறந்துகொண்டன. மொத்தம் நான்கு நிமிடம்.

திறந்தால் படிக்காமல் இருக்க முடியுமா? முதலாவது விசாப் படிவம். இரண்டாவது மகனின் கடிதம்; அதையும் அதே வகைப் படிவமாகவே அனுப்பியிருந்தான். "அப்பா, எனக்கு நெஞ்சில் ஒரு வால்வு மாற்ற வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை. இருபதாம் தேதிக்குள் படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஆபரேஷனுக்கு முன்னால் வந்துவிடலாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அப்புறம் எங்களோடேயே இருந்துவிடுங்கள்."

அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். அழகான கையெழுத்து இல்லை, அச்செழுத்துதான். ஆனாலும் மூன்று முறை.

சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு கோப்புகளையும் மூடினேன். இனிமேல் இந்த வகைக் கோப்புகளை எல்லாம் வெறும் நோட்பேடில், அந்தக் குறிப்பேட்டு நிரலில், திற என்று கணினிக்குச் சொல்லிவைத்தேன். அதற்கு ஆன நேரம் பதினைந்து விநாடி.

வாத்தியார் வந்து பார்த்தார். திரை முழுக்கப் புள்ளியும் கோடும் கொக்கியும்.

"என்னய்யா இது, கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு?"

"ஃபைல் கெட்டுப்போயிருக்கு சார். அவசரப்படக் கூடாது. நான் சரிபண்ணித் தரேன்."

பதினோரு நாள் சரிசெய்தேன். அம்மா, அப்படியொரு வைத்தியத்தை இந்த உலகம் பார்த்திருக்காது. ரீடரை நீக்கினேன், போட்டேன், நீக்கினேன். கணினியை அணைத்து ஆற வைத்தேன். ஒரு நாள் மின்விசிறியைக் கழற்றித் தூசி தட்டினேன்; அதற்கும் கோப்புக்கும், எனக்கும் விமானத்துக்கும் உள்ள உறவுதான். வாத்தியார் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு சீடனைப் போல் உட்கார்ந்திருப்பார். மூன்றரை ஆனதும் பலகையை விரிப்போம்.

என் வீட்டுக்காரி கூடக் கேட்டாள். "உங்க வைத்தியத்துல நோயாளி பிழைக்கவே மாட்டானா?"

ஐந்தாம் நாள் மகன் போன் செய்தான். அப்பாவும் மகனும் பேசும் பேச்சை நீங்கள் கேட்டதில்லை. தந்தி கொடுப்பது போல இருக்கும். வாத்தியார் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் குசுகுசுத்தார்.

"பாத்தீங்களான்னு கேக்கறான். ஃபைல் திறக்கலன்னு சொல்லிடவா?"

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொன்னவர். ஒரு கோப்பைத் திறக்கத் தெரியவில்லை என்று மருமகளுக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா? அவர் மனதில் ஓடியதைத்தான் நான் சொன்னேன்.

"பாத்துட்டேன், யோசிக்கிறேன்னு சொல்லுங்க சார். நாளைக்கே திறந்துடும்."

"பாத்துட்டேன்பா," என்றார் வாத்தியார். "யோசிக்கிறேன்."

மகன் "சரிப்பா," என்று வைத்துவிட்டான்.

அவர் சொன்னது பொய், நான் சொன்னதும் பொய். இதில் எனக்கு மட்டும் ஏன் தனியாக வாக்குமூலம் என்று தெரியவில்லை.

இருபதாம் தேதி போனது. இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன். நல்லபடியாக முடிந்ததாம்; முப்பதாம் தேதி அதே வகையில் வந்த மூன்றாவது கோப்பில் எழுதியிருந்தான். "நீங்கள் யோசித்துக்கொண்டே இருங்கள் அப்பா. இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன்." பையன் பிழைத்துவிட்டான். அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த வரியைப் படித்தால் வாத்தியாருக்கு ரத்த அழுத்தம் ஏறும். அதனால் அதுவும் கெட்டுப்போன கோப்பு என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் மகன் போனை எடுப்பதில்லை. வாத்தியார் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடித்துப் பார்க்கிறார்.

"அவனுக்கு எம்மேல ஏதாவது கோவமாய்யா? நான் என்ன பண்ணேன்?"

"நெட்வொர்க் சரியில்ல சார். உங்க காய நகர்த்துங்க."

ஆட்டத்தில் முன்போல் கவனம் இல்லை அவருக்கு. ராணியைத் தூக்கித் தட்டில் வைத்துக் கொடுக்கிறார். போன வியாழக்கிழமை நான் அவரைத் தாண்டினேன்.

மருமகள் உங்களுக்குப் போன் செய்ததும், அவள் அனுப்பிய அதே கடிதத்தை நீங்கள் உங்கள் கணினியில் ஒரே சொடுக்கில் திறந்ததும் எனக்குத் தெரியும். ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன், தினமும் செய்தேன். அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு தடவை அவர் வீட்டு வாசலில் நின்று பாருங்கள். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு அவருக்கு என்னை விட்டால் நாதியில்லை. அப்படிப்பட்ட மனிதரை அம்போவென்று விட்டுவிட்டு அந்த மகனைப் போல் இருக்க எனக்கு மனசு வராது அம்மா.