பதினஞ்சாவது பிள்ளை

"குழாயத் தொறந்தா துருத் தண்ணி வருது, தெருவுல பாம்பு நடமாடுது, ஸ்கூல்ல கணக்கு சார் வகுப்புலயே தூங்குறாரு, இங்க வந்து குடியிருக்கிறதுக்குப் பேசாம பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக்கலாம்"… இதானே சொன்னா உங்க பொண்ணு? சொல்லிட்டு தடதடன்னு நாலு மாடியும் இறங்கிப் போயிட்டா. கேட்டுச்சுங்க. ஒட்டுக் கேக்கல, அந்தப் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது… எதிர் வீடு எங்களுது, என் சமையலறை ஜன்னல் நேரா இந்தப் படிக்கட்டுப் பக்கம்தான் தொறக்குது, காதை என்ன கழட்டியா வைக்க முடியும்?

உக்காருங்க. படியில வேணாம், அழுக்கு… இருங்க, ஸ்டூல் எடுத்துட்டு வரேன். இந்தாங்க. புரோக்கர் சாவி எடுக்கத்தானே கீழ போயிருக்காரு, அவரு இப்போதைக்கு வர மாட்டாரு. எங்களுக்கு வீடு காட்டினப்பவும் இப்படித்தான், பதினேழு சாவியப் போட்டுப் பாத்துட்டு, பதினெட்டாவது வண்டியில இருக்குன்னு போனாரு. லிஃப்டா? ஓடாதுங்க. எங்க வீட்டுக்காரருக்கு லிஃப்ட் கம்பெனியிலதான் மேற்பார்வை. ஊர் ஊரா மாத்துவாங்க. போற ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் ஓடுதான்னு பாத்துட்டு, சாயங்காலம் இந்த நாலு மாடியும் மூச்சு வாங்க ஏறி வருவாரு. இதையும் ஒரு பார்வை பாக்கக் கூடாதான்னா, "இது வேற கம்பெனி"ம்பாரு. அந்த மனுஷனோட பதினெட்டு வருஷம்… சரி, அது எதுக்கு இப்போ.

உங்க பொண்ணு பத்தாவதுதானே? பத்தாவதுதான்னு சொல்லுங்க… அப்பாடா. வயித்துல பால் வாத்தீங்க. ஒளிக்காம சொல்லிடுறேன், நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பத்தாவது படிக்கிற பிள்ளை ஒண்ணு எனக்கு வேணும். முறைக்காதீங்க, எனக்குன்னா எனக்கில்ல, ஸ்கூலுக்கு. நீங்க பாக்க வந்திருக்கிற அதே ஸ்கூலுக்கு.

உங்க பொண்ணு மேல தப்பு சொல்ல மாட்டேன். எம் பொண்ணும் ரெண்டு மாசம் முன்னாடி இதே படியில நின்னுக்கிட்டு இதே பாட்டைத்தான் பாடினா. துரு, பாம்பு, தூங்குற சார், பஸ் ஸ்டாண்டு… அதே வரிசை, ஒரு வார்த்தை மாறல. எல்லாம் இந்தப் போன்ல படிக்கிறதுதான். இந்தத் தண்ணியப் பாருங்க, இப்பதான் குழாயில புடிச்சேன். துரு தெரியுதா? குடிச்சுப் பாருங்க… சும்மா குடிங்க. பாத்தீங்களா.

ஏரியா பாத்து வர்ற விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாதுங்க. ஒம்போது ஏரியா பாத்தேன், நோட்டுப் போட்டு. இவருக்கு ஆபீஸ் இருபது நிமிஷத்துல வரணும். பொண்ணுக்கு, அவளை யாருக்கும் தெரியாத ஏரியாவா இருக்கணும். எந்த ஏரியாவுலடி உன்னைத் தெரியும்னேன். கண்ணை ஒரு சுழட்டு சுழட்டினா பாருங்க… அந்தக் கண்ணு மேல போயி சுத்திட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள நான் ரெண்டு பாத்திரம் கழுவிடலாம். உங்க வீட்லயும் அப்படித்தானா? அந்த வயசுக்கே கண்ணு ஒரு இடத்துல நிக்காது போல.

புரோக்கரைக் கேட்டா எல்லா ஏரியாவும் சொர்க்கம்தான். நான் அவங்களைக் கேக்கவே மாட்டேன், பால்கனியில காயுற துணியப் பாப்பேன். க்ளிப் போடாம துணி காயப்போட்டிருந்தா அந்த வீட்ல எதையும் யாரும் கவனிக்கிறதில்லன்னு அர்த்தம். ஒரு தெருவுல அந்த மாதிரி மூணு வீடு இருந்தா, அந்தத் தெருவே வேணாம். இப்படியே நாலு ஏரியா கழிஞ்சுது. "அன்னிக்குக் காத்தே அடிக்கலையேடி"ங்கிறாரு இவரு. அடிக்கும்ல ஒரு நாளைக்கு.

ஸ்கூலும் அப்படித்தான். மத்தவங்கல்லாம் போயி ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல ஜெயிச்சு வெச்சிருக்கிற கப்பைப் பாப்பாங்க. நான் நேரா கழிவறைக்குப் போயிடுவேன். நான் கான்வென்ட்ல படிச்சவ. எங்க சிஸ்டர் ஒருத்தங்க, தாழ்ப்பாள் சரியில்லாத இடத்துல பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாதும்பாங்க. ஏழு ஸ்கூல்ல உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுப் பாத்திருக்கேன். ஒண்ணுல மாட்டிக்கிட்டேன்… வாட்ச்மேன் வந்து கதவையே கழட்ட வேண்டியதாப் போச்சு. நல்ல ஸ்கூல்தான் அது. ஆனா அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போயி அட்மிஷன் கேக்குறது? இங்க பன்னெண்டு கழிவறை, பன்னெண்டுலயும் தாழ்ப்பாள், வெண்ணெய் மாதிரி போகுது. அங்கேயே நின்னு முடிவு பண்ணிட்டேன், இவ இங்கதான் படிக்கணும்னு.

நான் முடிவு பண்ணா போதுமா? விசாரிக்கப் போனா, எனக்கு முன்னாடி இருபத்தாறு அம்மாங்க வரிசையில நிக்கிறாங்க. பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல இடமாம். அதனால இருபத்தாறு பேரும் இந்தத் தெருவுலதான் வீடு தேடுறாங்க. நாங்க இருக்கிற இந்த வீட்டையே அன்னிக்கு மூணு பேரு பாத்துட்டுப் போயிருந்தாங்க. அஞ்சு வருஷத்துல அவளுக்கு இது நாலாவது ஸ்கூல். போன ஊர்ல எல்லாம் ஸ்கூல் விட்டு வந்தா, முதுகுல பையோட அப்படியே கட்டில்ல உக்காந்திருப்பா. கழட்டி வைடின்னா, "எதுக்கு, எப்படியும் கிளம்பத்தானே போறோம்"பா. சொல்லுங்க, ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்?

அதனால… எழுதினேன்.

என்னத்தயா? அதான் உங்க பொண்ணு சொல்லிட்டுப் போனாளே, அதைத்தான்.

இருங்க இருங்க, எழுந்திரிக்காதீங்க, முழுசா கேளுங்க. ஒரு மத்தியானம், துணிய ஊற வெச்சிட்டு, அது ஊறுறதுக்குள்ள எழுதிட்டேன். வீடு தேடுறவங்கல்லாம் போயிப் பாக்குறாங்களே நெட்ல ஒரு பக்கம், அதுல. மூணு பேரா எழுதினேன். "மனமுடைந்த தகப்பன்"னு ஒருத்தர், அவருதான் ஸ்கூலைப் பத்தி. "முன்னாள் குடியிருப்பாளர்"னு ஒருத்தர், தண்ணிக்கு. பாம்பை மட்டும் "ஓய்வுபெற்ற அதிகாரி"கிட்ட குடுத்தேன், அவரு சொன்னாத்தான் நம்புவாங்க. முன்னுரை, மூணு பத்தி, முடிவுரை… ஒரு தப்பு இருக்காது. எதைச் செஞ்சாலும் திருத்தமா செய்யணும்னு அடிச்சு வளத்த கை இது.

மறுநாள் போயிப் பாத்தா, நான் எழுதாத ஆள் ஒருத்தர், "ஆமாம், அந்தக் கணக்கு சார் குறட்டை கூட விடுவாரு"ன்னு போட்டிருக்காரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. அந்த ஸ்கூல்ல கணக்கு சாரே கிடையாதுங்க. ரெண்டு டீச்சருங்க, ரெண்டு பேரும் பொம்பளைங்க, அதுல ஒருத்தங்க கண்ணு சிமிட்டியே நான் பாத்ததில்ல. இன்னொருத்தரு பாம்புக்கு அளவு போட்டிருக்காரு, ஆறடின்னு. நான் அளவே குடுக்கலையே. அது பாட்டுக்கு வளருது.

இங்க குடி வந்தப்புறம் இன்னும் கூத்து. இந்தக் கட்டடத்துல ஒரு கமிட்டி இருக்கு, லிஃப்டுக்கு ஒரு நாள் கூடாத கமிட்டி பாம்புக்கு மூணு தடவ கூடிச்சு. பாம்பு புடிக்கிறவரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு ரெண்டு நாள் தெரு பூரா தேடிட்டு, "இருக்கு, ஆனா விவரமான பாம்பு"ன்னுட்டுப் போயிட்டாரு. இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? வாட்ச்மேன் கம்பில்லாம கேட்டைத் தொறக்க மாட்டேங்கிறாரு. எங்க வீட்டுக்காரரு தண்ணியக் குடிச்சிட்டு, "துரு வாசம் வருதுல்ல"ங்கிறாரு. எனக்குத் தெரியாதா வருதா வரலையான்னு… வாயத் தொறக்க முடியுதா? அவரை விடுங்க, நானே இப்பல்லாம் படியப் பாத்துப் பாத்துதான் இறங்குறேன். அது நான் எழுதின பாம்புன்னு எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியலையே.

அந்த இருபத்தாறு பேருமா? ஒருத்தர் வரல. வீடு மறுநாளே கிடைச்சுது. ஸ்கூலுக்குப் போனா வரிசையே இல்ல. ஹெட்மிஸ்ட்ரஸே வாசல் வரைக்கும் வந்து கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு அவங்களுக்கு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. உள்ளுக்குள்ள ஒரே கெத்து.

போன வாரம் கூப்பிட்டுச் சொல்றாங்க. பத்தாவதுல பதினஞ்சு பிள்ளைங்களாவது இருந்தாத்தான் வகுப்பு நடத்த முடியுமாம். இப்போ இருக்கிறது பதினாலு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள இன்னொண்ணு சேரலன்னா, வகுப்பையே மூடிட்டு, பிள்ளைங்களை ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெண்டு ஸ்கூலுக்குப் பிரிச்சு அனுப்பிடுவாங்க. அஞ்சாவது ஸ்கூல் அவளுக்கு. கேட்டுக்கிட்டு எப்படித்தான் வீடு வந்து சேந்தேனோ.

அழுகை எனக்கு எதுக்கு வருதுன்னா, அவளுக்கு இந்த ஸ்கூலு புடிச்சுப் போச்சுங்க. வாயால சொல்ல மாட்டா. ஆனா இப்போ வீட்டுக்கு வந்ததும் பையக் கழட்டி ஆணியில மாட்டுறா. ஒரு சிநேகிதி வேற. ரெண்டும் போன்ல மணிக்கணக்கா பேசுது, என்னடி பேசுறீங்கன்னா "ஒண்ணுமில்ல"ங்குது. ஒண்ணுமில்லாதத ரெண்டு மணி நேரம் பேசுறதுக்கு ஒரு ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம், சொல்லுங்க.

என்ன பேசுறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஸ்கூல் பேரை யாரு கெடுத்ததுன்னு கண்டுபிடிக்க பதினாலு பேரும் சேந்து ஒரு குழு வெச்சிருக்காங்க. தலைவி யாரு? எம் பொண்ணு. மூணு பேரு எழுதினதையும் பிரிண்ட் எடுத்து என் வீட்டு ஹால் சுவத்துலயே ஒட்டி, சிவப்புப் பேனாவால கோடு போட்டு வெச்சிருக்கா. நான் தினம் அதைத் தாண்டித்தான் பெருக்கணும். நேத்து சொல்றா, "மனமுடைந்த தகப்பன் ஆம்பளையே இல்லம்மா." ஏன்டின்னேன். "எந்த அப்பாவாவது கழிவறைத் தாழ்ப்பாளைப் பத்தி ஒரு பத்தி எழுதுவாரா?" நான் துடைப்பத்தைத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டேன்.

அழிச்சிடலாமேங்கிறீங்க. எதுல போயி அழிக்கிறது? எழுதின போனு குடி மாத்தின அன்னிக்கு லாரியிலேருந்து விழுந்து சக்கரத்துக்கடியில போச்சு. பாஸ்வேர்டெல்லாம் அதோட சரி. பதிலுக்கு நல்லதா ஒண்ணு எழுதினேன், "திருப்தியடைந்த தாய்"னு. அரைமணி நேரத்துல நாப்பது பேரு வந்து, ஸ்கூல்காரங்களே ஆள் வெச்சு எழுதினதுன்னு கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க. முதல் ஆளா வந்து கிழிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? எம் பொண்ணு. "முன்னாடி எழுதின அதே ஆள்தான் இது, நடையப் பாருங்க"ன்னு. பெத்த வயிறு குளிர்றதா எரியிறதான்னே தெரியல. புத்திசாலியா இருக்கணும்னுதான் ஆசைப்பட்டேன், இந்த அளவுக்கா?

அதனாலதாங்க, உங்ககிட்ட கொட்டிட்டேன். வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. கையில இருக்கிறது அந்த ஸ்கூல் ஃபாரம்தான், பத்து வாங்கி வெச்சிருக்கேன், வீடு பாக்க யாரு வந்தாலும் ஒண்ணு குடுக்குறேன். இந்தாங்க, இது உங்களுக்கு. ஒரு தகப்பனை உண்டாக்கினேன், ஒரு அதிகாரிய உண்டாக்கினேன், இல்லாத பாம்புக்கு ஒரு ஊரே கம்பு வெச்சிருக்கு. பெஞ்சுல வந்து உக்கார ஒரு பொண்ணை மட்டும் என்னால உண்டாக்க முடியல. அதுக்கு நிஜமா ஒருத்தி வேணும். உங்க பொண்ணு கீழ வண்டியில கோவமா உக்காந்திருக்கா பாருங்க, அந்த மாதிரி.

என்ன, எழுந்துட்டீங்க? புரோக்கர் வந்தாச்சா… வாங்க சார், சாவி கிடைச்சுதா? தொறங்க, தொறங்க, நல்லா வெளிச்சம் வர்ற வீடு. என்னங்க, அவருகிட்ட ஏதோ மெதுவா கேக்குறீங்க? … "வேற கட்டடம்"னு காதுல விழுந்துச்சே. ஏங்க, இந்த வீட்டுக்கு என்ன? தண்ணிய நீங்களே குடிச்சுப் பாத்தாச்சு, பாம்பு இல்லன்னு தெரிஞ்சாச்சு, அந்த சாரே இல்ல. இன்னும் என்ன குறை?

ஓ.

எதிர் வீடா.

அது… அது நான் எழுதலையே. சரிங்க, நான் பேசல. இன்னிக்குத்தான் இப்படி, மத்த நாள்ல நான் இருக்கிற இடமே தெரியாது, சார்கிட்ட கேட்டுப் பாருங்க… ஏன் சார், நீங்க ஏன் சுவத்தைப் பாக்குறீங்க? ஜன்னல்தான் தொந்தரவுன்னா ஆணி அடிச்சு மூடிடுறேன். வேணும்னா நாங்களே வேற ஊரு பாத்துட்டுப் போயிடுறோம்… இல்ல, அதுவும் முடியாது, நாங்க போனா எம் பொண்ணும் போயிடுவா, மறுபடியும் பதினாலுதான்.

சரி, வேற கட்டடமே பாருங்க. அடுத்த தெருவே பாருங்க, ஸ்கூலு ஒண்ணுதானே. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். மெதுவா இறங்குங்க, மூணாவது படி ஆடும்… ஃபாரத்தை ஸ்டூல் மேலயே வெச்சுட்டுப் போறீங்களே. கையெழுத்துகூட இப்போ வேணாங்க. உங்க பொண்ணு பேரு என்ன, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க, மீதிய நான் எழுதிக்கிறேன்… ஏங்க… அங்க நின்னே சொல்லலாம், இங்க நல்லா கேக்கும். பேரு மட்டுங்க.