ஒரு "பரவாயில்லை"யில் போன கடை

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே, வணிகத்தில் நரைகண்ட பெரியோர்களே, கல்லாவையும் அடுப்பையும் ஒருசேரக் காக்கும் தாய்மார்களே, இடமின்றி நின்றபடியே கேட்கும் தம்பிகளே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

வியாபாரம் பெருகச் செய்யும் சோதனை முயற்சிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வெற்றிக் கதை சொல்லத்தான் ஆசை. ஆனால் என் நெஞ்சில் நிற்பதோ என் தங்கையின் ரொட்டிக்கடை. மூடிய கடை.

மொறுமொறு ரொட்டிதான் அந்தக் கடையின் முகம். அதற்குப் பதில் மெத்தென்ற இனிப்பு ரொட்டி போட்டால் வியாபாரம் வளருமா என்று சோதிக்க நினைத்தாள். நல்ல எண்ணம்தான். நறுக்கித் தட்டில் வைத்தாள். வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கினாள். எப்படி இருக்கிறது என்று வாய் நிறையத் தின்றவர்களைக் கேட்டாள். என்ன சொன்னார்கள் தெரியுமா?

"பரவாயில்லைம்மா."

சிரிக்கிறீர்கள். பாராட்டும்போதும் பரவாயில்லை என்கிறோம்; காலை மிதித்தவரிடமும் பரவாயில்லை என்கிறோம். இது எந்தப் பரவாயில்லை? பாராட்டு என்றே நம்பினாள் தங்கை. பழைய ரொட்டியை அடியோடு நிறுத்தினாள். அடுத்த தெருவில் இன்னொரு கடையும் திறந்தாள்.

சோதனையா அது? காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று பார்த்தாளா? பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்றாளா? எது நடந்தால் நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்தாளா? இல்லை ஐயா, இல்லை! தங்கையின் கணவர் ஒன்றும் சொல்லவில்லையா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். எங்கள் மாப்பிள்ளையும் தின்றுவிட்டுப் பரவாயில்லை என்றவர்தான்.

வாடிக்கையாளர் குறைந்தார்கள், வாடகை ஏறியது, இரண்டு கடையிலும் அடுப்பு அணைந்தது. பூட்டுப் போடும் நாளில் எதிர்வீட்டு அக்கா வந்து நின்றார்.

"முதல் நாளே எனக்குப் பிடிக்கல. உன் மனசு நோகுமேன்னு சொல்லலம்மா" என்று அழுதார்.

அன்புதான், மறுக்கவில்லை. அந்த அன்பு கடையைக் காப்பாற்றவில்லையே! இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

போன வாரம் தங்கையிடம் போனேன். மறுபடி சின்னதாகத் தொடங்கு, உன் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்குன்னு யார் சொன்னாலும் இப்போ நம்ப முடியலண்ணே. நீங்க சொன்னாலும்தான்."

வணிகப் பெருமக்களே! போன கடையைப் பிடித்துவிடலாம்; போன நம்பிக்கையை எந்தச் சந்தையில் வாங்குவது? சோதனை செய்யுங்கள். சிறிதாகச் செய்யுங்கள். தோற்கவும் அதில் இடம் விடுங்கள். பிடிக்கவில்லை என்று ஒருவர் துணிந்து சொல்லும்படி கேளுங்கள். சொன்னவரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்!

இந்தப் பேச்சு பிடிக்காதவர்கள், என் மனம் நோகுமே என்று கைதட்ட வேண்டாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, வணக்கத்தோடு அமர்கிறேன்.